முகம் பார்த்து வந்தவர்கள்

திண்டுக்கல், பேகம்பூர்
23.6.2024

அக்கா,

ஸலாம். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க மனம் வரவில்லை. நீ நலமா இல்லையா என்று கேட்கத்தான் இந்தக் கடிதமே.

உன் பள்ளிக்கூடத்து முகவரிக்கு எழுதுகிறேன். வடமதுரை ஒன்றும் சீமையில் இல்லை, பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். ஆனால் போனில் கூப்பிட்டால் உன் மாமியார் சைதூன் மாமி ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கேட்கிறார். நீ இங்கே வந்தாலும் கூடவே வருகிறார். கூடப்பிறந்தவளிடம் தனியாக ஒரு வார்த்தை பேச எனக்குத் தபால்காரர் தேவைப்படுகிறார்.

பக்ரீத் அன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனதற்கு அம்மா இன்னும் திட்டுகிறாள். ஏன் போனேன் என்று நீயாவது கேட்டிருக்கலாம். சம்பந்தி வீட்டார் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது அத்தா பெருமையாகச் சொன்னார்: "ஹஸ்ஸானுக்குத் தாடை ஆபரேஷன் பண்ண நாம எங்க போகணும்? டாக்டர் நம்ம வீட்டுலயே இருக்காரு." உன் கணவருக்கு அண்ணன் சனாவுல்லா டாக்டர் தலையைக் குனிந்து சிரித்தார். அத்தா உன் பக்கம் திரும்பி, "உனக்குப் பண்ண கைதானேம்மா, நீ சொல்லு" என்றார். நீ சொன்னாய்: "கண்ணை மூடிக்கிட்டுப் போடா ஹஸ்ஸான்."

அதற்குப் பத்து நாள் முன்னால் நான் யாருக்கும் சொல்லாமல் மதுரைக்குப் போய் வந்திருந்தேன். எனக்குப் பல்லில் கம்பி போட்ட டாக்டர்தான், "வெட்டி வைக்கிற வேலை இது, ரெண்டு பேரைப் பார்த்துட்டு முடிவு பண்ணு" என்றார். மதுரையில் சூர்யகலா என்று ஒரு சர்ஜன். என் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி, கீழ்த்தாடைக்குள்ளே ஓடும் ஒரு நரம்பைக் காட்டினார். தாடையை வெட்டிப் பின்னால் தள்ளும்போது அந்த நரம்பு அடிபடலாம், கீழுதடு மரத்துப் போகலாம், சிலருக்கு அப்படியே நின்றும் விடும் என்றார். வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்று கேட்டார். அக்காவுக்கு, ஆறு வருஷம் முன்னால் என்றேன். "அவங்களுக்கு உதட்டுல உணர்ச்சி இருக்கா?" என்றார்.



அதனால்தான் பக்ரீத் அன்று உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். தால்ச்சா உன் உதட்டிலிருந்து மோவாய் வரை வழிகிறது, நீ சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாய். வழியாதபோதும் உன் கைக்குட்டை நிமிஷத்துக்கு ஒரு தடவை வாய்க்குப் போகிறது. ஆறு வருஷம் அதை நான் உன் நாசூக்கு என்று நினைத்திருந்தேன்.

முன்பல்லால் ஒரு பரோட்டாத் துண்டைக் கடிக்க முடியாதவன் நான். என்னிடம் படிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் எனக்குப் பின்னால் தாடையை நீட்டிக்கொண்டு என்னைப் போலவே கணக்குச் சொல்கிறார்கள். எனக்கு இந்த ஆபரேஷன் வேண்டும். யாரிடம் கழுத்தை நீட்டுவது என்பதுதான் கேள்வி.

உன் கீழுதட்டில் உணர்ச்சி இருக்கிறதா, இல்லையா? ஒரே வரி எழுது.

ஹஸ்ஸான்


வடமதுரை
29.6.2024

அன்புத் தம்பிக்கு,

அல்லாஹ் உனக்குப் பொறுமையைக் கொடுக்கட்டும். உன் கடிதத்தைத் தலைமை ஆசிரியை லூர்தம்மாள் சிஸ்டர் என் மேசையில் கொண்டுவந்து வைத்து, "யாரு டீச்சர், இந்தக் காலத்துல லெட்டர் எழுதுறது?" என்றார்கள். என் தம்பி, கொஞ்சம் கிறுக்கு என்றேன்.

வாத்தியார் ஆனதும் எல்லாரையும் பரீட்சை எழுதுகிற பிள்ளையாகவே பார்க்கிறாயா? ஒரே வரியில் விடை எழுது என்கிறாயே. கொஞ்சம் மரமரப்பு இருக்கத்தான் செய்யும். கத்தி பட்ட இடம் முன்னைப்போல இருக்குமா? அதற்காக ஒரு டாக்டரைக் குறை சொல்ல முடியுமா? அவர் என்னைத் தங்கச்சி மாதிரி நடத்துகிறார். என் ஆபரேஷன் முடிந்து முகத்துக்கட்டைப் பிரித்த அன்று, அத்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுததை நீ பார்த்தாய் அல்லவா?

அத்தா வாக்குக் கொடுத்துவிட்டார். சம்பந்தி வீட்டில் டாக்டரை வைத்துக்கொண்டு நீ மதுரைக்குப் போனால் அது டாக்டருக்கு மட்டுமா அவமானம்? இந்த வீட்டில் தினமும் எழுந்து நடமாடுகிறவள் நான். அதையும் யோசி.

ஷாஹினா யு.கே.ஜி. போகிறாள். உன்னைப் போலவே வாய் ஓயாது. அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது?

உன் அக்கா,
அஃப்சானா

அந்த மதுரை டாக்டர் வேறு என்ன கேட்டார்?


திண்டுக்கல்
8.7.2024

அக்கா,

கடைசியில், கையெழுத்துக்குக் கீழே, ஒரே ஒரு வரி உண்மையாக எழுதியிருக்கிறாய். அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

அவர் கேட்டதைவிட, என்னைக் கேட்கச் சொன்னதுதான் அதிகம். எந்த டாக்டரிடம் போனாலும் வெட்கப்படாமல் கேள் என்றார். இந்த ஆபரேஷன் வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? கம்பி டாக்டரும் நீங்களும் உட்கார்ந்து பேசினீர்களா? உங்களிடம் செய்துகொண்டு சரியாக வராத ஒரு ஆளிடம் நான் பேச முடியுமா? "உங்ககிட்ட அப்படி யாராவது இருக்காங்களா மேடம்?" என்று நான் அவரையே கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. ஒரு நம்பர் எழுதிக் கொடுத்தார். பாலசமுத்திரத்தில் அழகர்சாமி என்று ஒருவர், வாழைத்தோட்டம் வைத்திருக்கிறார். போன் பண்ணினேன். "ஏனுங்க தம்பி, எனக்கு இடது பக்க ஒதடு இன்னைக்கும் மரக்கட்டைதானுங்க. ஆனா அந்தம்மா முன்னாலயே சொல்லித்தான் பண்ணுச்சுங்க. திரும்ப யார்கிட்டப் போவீங்கன்னு கேட்டா அவங்ககிட்டத்தானுங்க போவேன்" என்றார்.

அதே கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போன சனிக்கிழமை சனாவுல்லா மச்சான் கிளினிக்குக்குப் போனேன். அவரையும் நியாயமாகத்தான் கேட்டேன். வருஷத்துக்கு எத்தனை என்றதற்கு, "வரும் போகும்" என்றார். விபத்தில் உடைந்த தாடைகளைச் சேர்ப்பதுதான் அவருடைய அன்றாட வேலை என்று கம்பவுண்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன். சரியாக வராத ஆள் யாராவது உண்டா என்றதும் மச்சான் சிரித்தார். "ஒங்க அக்கா இருக்கா. அதை விடவா ஒனக்கு சர்டிபிகேட் வேணும்?"

வெளியே பெஞ்சில் ஒரு அம்மாளும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அய்யலூர்க்காரர்கள். அம்மா பெயர் கருப்பாயி, ஆட்டு யாவாரம். மகளுக்கு என்னைப் போலவே தாடை, பதினெட்டு வயது. ஆகஸ்ட் பன்னிரண்டு ஆபரேஷனாம். இந்த டாக்டர்தான் என்று எப்படி முடிவு பண்ணினீர்கள் என்று கேட்டேன். "வடமதுரையில அவக வீட்டு மருமக டீச்சரு ஒண்ணு இருக்குப்பா. அது மொகத்தைப் பார்த்துட்டுத்தான் வந்தோம். என்ன லச்சணம்ங்குற!" என்றாள்.

நான் உன் தம்பி என்று சொல்லவில்லை.

ஹஸ்ஸான்


வடமதுரை
21.7.2024

ஹஸ்ஸான்,

இதை நாலு நாளாக எழுதுகிறேன். மதியம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் எழுதுவது, கிழிப்பது. இன்று ஞாயிற்றுக்கிழமை, சிஸ்டருக்கு உதவி என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

இல்லை. உணர்ச்சி இல்லை. கீழுதடு முழுக்க, மோவாய் முழுக்க. ஆறு வருஷமாக.

டாக்டரிடம் முதல் வாரமே சொன்னேன். "ஆறு மாசத்துல திரும்பிரும்" என்றார். நான் நம்பினேன், அவரும் நம்பித்தான் சொல்லியிருப்பார். ஆறு மாதம் ஆகும் முன்னே சைதூன் மாமி கிளினிக்கில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சின்ன மகன் ரிஃபாத்துக்கு என்னைக் கேட்டு வந்துவிட்டார். அத்தா அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் தெருவுக்கே இனிப்புக் கொடுத்தது உனக்கு நினைவிருக்கும். அதன் பிறகு அவர் எனக்கு டாக்டர் இல்லை, கணவருக்கு மூத்தவர். ஷாஹினா வயிற்றில் இருந்தபோது ஒரு தடவை தைரியம் வந்து கேட்டேன். "எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கும்மா. மத்தவங்ககிட்டச் சொல்லிக்கிட்டு இருக்காத" என்றார். அம்மாவிடம் சொன்னேன். "மொகம் லச்சணமா வந்துருச்சுல்ல, அதை நெனச்சு சந்தோசப்படு" என்றாள்.

சூடு தெரியாமல் டீ குடித்து இரண்டு தடவை உதடு வெந்திருக்கிறது. பல் முளைக்கிற வயதில் ஷாஹினா என் உதட்டைக் கடித்துவிட்டாள். அவள் வாயில் ரத்தத்தைப் பார்த்து அவளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று கத்தினேன். அவள் இப்போது தினமும் பள்ளிக்கூட வாசலில் என் மோவாயில் முத்தம் கொடுத்துவிட்டுப் போகிறாள். கொடுத்துவிட்டாளா இல்லையா என்று கண்ணைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

இதெல்லாம் என்னோடு போகட்டும் என்றுதான் இருந்தேன். உன் கருப்பாயி அம்மாளை எனக்குத் தெரியும். சித்திரை மாதம் வந்தார்கள். டாக்டர் அனுப்பி வைப்பார். வந்தவர்கள் கூடத்தில் உட்காருவார்கள். மாமி கூப்பிடுவார்: "அஃப்சானா, செத்த வந்துட்டுப் போ." பெண் பார்க்க வந்த மாதிரியேதான். டீ கொண்டு வைக்க வேண்டும். பக்கவாட்டில் திரும்பச் சொல்வார்கள், திரும்புவேன். வலித்ததா என்பார்கள், இல்லை என்பேன். நல்லாப் பண்ணுவாரா என்பார்கள். நல்லாப் பண்ணுவாரு. ஒன்பது குடும்பம் வரை எண்ணினேன், அப்புறம் எண்ணவில்லை. அப்படி வந்த ஒரு பெண்ணைப் போன வருஷம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கையில் கைக்குட்டை. நான் அவள் கையைப் பார்த்தேன், அவள் என் கையைப் பார்த்தாள். இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

நீ மதுரைக்குப் போ. ஆனால் என் பெயரை இழுக்காதே. அத்தாவிடம், "இஸ்திகாரா தொழுதேன், ரெண்டு தடவையும் மனசு ஒப்பல" என்று சொல்லிவிடு. அல்லாஹ்விடம் வழி கேட்டுத் தொழுது வந்த பதிலை அத்தாவும் மறுக்க மாட்டார், இவர்களும் மறுக்க முடியாது. யார் மனமும் நோகாது.

படித்ததும் கிழித்துவிடு.

அஃப்சானா


திண்டுக்கல்
28.7.2024

அக்கா,

கிழிக்கவில்லை. மன்னித்துக்கொள்.

ஆறு வருஷம் உன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. என் தாடை, என் கடி, என் வெட்கம் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கடிதத்தில் உன்னைக் குற்றவாளியைக் கேட்பது போலக் கேட்டதற்கும் மன்னித்துக்கொள்.

ஆனால் நீ சொன்னபடி நான் சொல்ல மாட்டேன். தொழாத தொழுகையைத் தொழுதேன் என்று அல்லாஹ் பெயரில் பொய் சொல்லி ஒரு தாடையைச் சரிசெய்ய வேண்டுமா? அத்தாவிடம் நேராகச் சொன்னேன்: மச்சானுக்கு இந்த வேலையில் கைப்பழக்கம் போதாது, நான் மதுரைக்குப் போகிறேன் என்று. உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தா, "அஃப்சானா மொகத்தைப் பார்த்துமா பேசுற? சம்பந்தி மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்றார். அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே வீட்டில் அம்மாதான் எங்களுக்கு நடுவில் செய்தி கொண்டுபோகிறாள். என் ஆபரேஷன் ஆகஸ்ட் முப்பது. அத்தா வர மாட்டாராம்.

பரவாயில்லை, நான் தப்பித்துவிட்டேன். எனக்கு மதுரைக்குப் போக வழி தெரிந்தது, கேள்வி கேட்கத் தெரிந்தது, உன்னைப் போல ஒரு அக்கா இருந்தாள். அய்யலூர்ப் பெண்ணுக்கு ஆகஸ்ட் பன்னிரண்டு. நான் போய்ச் சொன்னால் நம்புவார்களா? "அந்த டீச்சரே நல்லாருக்குன்னு சொல்லுச்சே, நீ யாருப்பா?" என்பார்கள்.

அவர்களிடம் சொல் என்று உன்னை நான் வற்புறுத்தவில்லை. அந்த வீட்டில் இருந்து பார்க்கிறவள் நீ. தேதியை மட்டும் எழுதுகிறேன்.

ஹஸ்ஸான்


வடமதுரை
11.8.2024

ஹஸ்ஸான்,

சொல்லிவிட்டேன். எப்படி என்று வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் உனக்கும் ஸ்பீக்கரில் கேட்ட கதைதான் வந்து சேரும்.

வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தை. பள்ளிக்கூடத்தில் விழா இருக்கிறது, சீக்கிரம் போக வேண்டும் என்று வீட்டில் பொய் சொன்னேன். பொய்க்குப் பயப்பட உன்னைப் போல எனக்கு அம்புட்டு ஈமான் இல்லையப்பா. ஆறரை மணிக்குப் போய் இறங்கினேன். கால் வைக்க இடமில்லை, எங்கு பார்த்தாலும் ஆடு, கயிறு, கூச்சல். கருப்பாயி ஒரு கிடாயின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "என்ன டீச்சரு, கறிக்கா? நல்ல குட்டியாப் பார்த்துத் தாரேன்."

நான் மனப்பாடம் செய்து போனது எல்லாம் மறந்துவிட்டது. என் கீழுதட்டைக் கிள்ளுங்கள் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. நகத்தால் கிள்ளுங்கள் என்று அவள் விரலை நானே பிடித்து வைத்தேன். கிள்ளினாள். நான் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன், முகம் சுளிக்கவில்லை. அவள் இன்னும் அழுத்திக் கிள்ளினாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள். "தெரியலையா?" என்றாள். ஆறு வருஷமாகத் தெரியவில்லை என்றேன்.

அவள் என்னைத் திட்டினாள் ஹஸ்ஸான். சந்தையே திரும்பிப் பார்க்கத் திட்டினாள். "வாய் இருக்குல்ல ஒனக்கு? எம்மக ஒம்பக்கத்துலதான உக்காந்திருந்தா? அன்னைக்கே சொன்னா என்ன?" நான் நின்று வாங்கிக்கொண்டேன். திட்டி முடித்துவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "வாயத் தொறந்து பல்லப் பிடிச்சுப் பாக்காம நான் ஒரு குட்டி வாங்குனதில்ல. பெத்த மகளுக்கு மட்டும் ஒம் மூஞ்சியத் தூரத்துல இருந்து பார்த்துட்டு நாள் குறிச்சுட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சூர்யகலா டாக்டர் முகவரியை எழுதிக் கொடுத்தேன். அங்கேயும் மரத்துப் போகலாம், ஆனால் கேட்டால் மறைக்காமல் சொல்வார் என்றும் சொன்னேன்.

மறுநாளே அவள் கிளினிக்குக்குப் போய் நேருக்கு நேர் கேட்டுவிட்டாள். சாயங்காலம் வீடு முழுக்கத் தெரிந்துவிட்டது. "உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டியேடி" என்றார் மாமி. டாக்டர் மாடிக்குப் போய்விட்டார். ரிஃபாத்திடம் நானே முழுவதும் சொன்னேன். "ஆறு வருஷமாவா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து ஏதோ சொல்ல வருகிறார், சொல்லாமல் கடைக்குப் போய்விடுகிறார். நான் சமைத்ததை மாமி தொடுவதில்லை. ரிஃபாத் தொடுகிறார், அது போதும் இப்போதைக்கு.

அத்தா போன் பண்ணினார். மாமி ஸ்பீக்கரில் போட்டார். "சம்பந்தி முன்னால என் தலையக் குனிய வச்சுட்ட. ஒதடு மரத்துப் போச்சாம், ஒதடு. இனி என் வாசலுக்கு வராத" என்றார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். நான் அழவில்லை. அடுப்படிக்குப் போய் அழுதேன்.

உன் ஆபரேஷனுக்கு வர எனக்கு ஆசை. அத்தா வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாகவும் இருக்கிறது, வர மாட்டாரே என்று வருத்தமாகவும் இருக்கிறது. துஆ செய்கிறேன்.

அஃப்சானா


மதுரை, ஆஸ்பத்திரி
3.9.2024

அக்கா,

உயிரோடு இருக்கிறேன். இரண்டு தாடையையும் ரப்பரால் சேர்த்துக் கட்டியிருப்பதால் வாய் பேச முடியாது. முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது. பையன்கள் பார்த்தால் புதுப் பெயர் வைப்பார்கள். எழுத மட்டும் முடிகிறது.

எனக்கும் கீழுதடு மரத்துத்தான் இருக்கிறது. சூர்யகலா டாக்டர் தினமும் காலையில் பஞ்சால் தொட்டு, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, எங்கே தொடுகிறேன் என்று விரலால் காட்டச் சொல்கிறார். இன்று வரை ஒரு இடமும் சரியாகக் காட்டவில்லை. "திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். ஒரு வருஷம் பார்ப்போம்" என்கிறார். பயமாகத்தான் இருக்கிறது. தெரிந்தே வந்த பயம்.

நேற்று மத்தியானம் அத்தா வந்தார். வர மாட்டேன் என்றவர் வந்து, என்னோடு பேசாமல், நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். அம்மா மூக்கு வைத்த கிண்ணத்தில் கஞ்சி கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். நான் குடித்துக்கொண்டே போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டேய், வழியுது" என்றார்.

துடைத்தேன். "அங்க இல்ல" என்றார். மறுபடி துடைத்தேன். எழுந்து வந்து தன் தோள் துண்டால் அவரே துடைத்தார். கஞ்சி கழுத்து வரை போயிருக்கிறது. "இம்புட்டு வழியுது, ஒனக்குத் தெரியலையா?" என்றார். தெரியவில்லை என்று தலையாட்டினேன்.

துண்டின் ஈரத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அஃப்சானாவுக்கும் இப்படித்தானா?"

தலையாட்டினேன்.

"எப்ப இருந்து?"

ஆறு விரலைக் காட்டினேன்.

"ஆறு மாசமா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

அம்மா உள்ளே வந்தாள். "ஒனக்குத் தெரியுமா?" என்று அவளைக் கேட்டார். அம்மா கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே சுவரைப் பார்த்தாள். அத்தா தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். ராத்திரிக்குத் தங்குவதற்காகக் கொண்டுவந்த பையை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லை. இன்று காலை பேகம்பூர் வீட்டுக்குப் போன் பண்ணினோம், எடுக்கவில்லை.

உன்னிடம்தான் வருகிறார் என்று நினைக்கிறேன். இந்தக் கடிதம் கிடைக்கும் முன்பே வந்திருப்பார், அல்லது தைரியம் வராமல் வடமதுரை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது, அது உனக்கும் தெரியும். அவர் கையை நீட்டி உன் உதட்டைத் தொட்டால், தெரிகிறது என்று மட்டும் சொல்லிவிடாதே அக்கா.

ஹஸ்ஸான்